வைக்கோல் கன்று

எங்கள் மாடுகளுக்குக் கோமாரி வந்த வருஷம் எனக்கு ஏழு வயது. திருவொற்றியூரில் நைனா இரண்டு கறவை மாடுகள் வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். அடுத்த தெருவில் இருந்த அத்தை, நைனாவின் அக்கா, கணவனை இழந்தவள். அவளுக்கு ஒரே மாடு. அதன் மடியை நம்பித்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது.

எங்கள் மாடுகள் எச்சில் ஒழுக, குளம்பிடுக்கில் புண்ணோடு நின்றன. மூன்றாம் நாள் ஒரு மாட்டின் கன்று செத்தது. மாட்டு டாக்டர் வந்தார்.

"தோலோட பொதைச்சுடு. மேல சுண்ணாம்பு போடு. இந்தக் கொட்டாய்ல கால வெச்சவங்க வேற கொட்டாய்க்குப் போவக் கூடாது. புரிதா?"

நைனா சாமி முன்னால் நிற்பதுபோல் கைகட்டித் தலையாட்டினார். கொட்டகைப் பக்கம் வரக்கூடாது என்று என்னை விரட்டினார். அத்தை எங்கள் தெருவுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

நாலு நாள் கழித்து, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் கொட்டகையை எட்டிப் பார்த்தேன். செத்த கன்று நின்றுகொண்டிருந்தது! தாய் மாடு அதை நக்கிக்கொண்டிருந்தது. அடுத்த நொடியே சந்தோஷம் தாங்காமல் ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். உள்ளே வைக்கோல் நொறுங்கியது. கண் இருந்த இடத்தில் ஓட்டை. கன்றைக் காணாவிட்டால் மாடு பால் இறக்காது, மடி கட்டிப்போகும் என்று நைனா தோலை உரித்துக்கொண்டு உடம்பை மட்டும் புதைத்திருக்கிறார்.

அலறியடித்துக்கொண்டு அத்தை வீட்டுக்கு ஓடினேன். அவள் பால் ஊற்றப் போயிருந்தாள். உயிருள்ள கன்று ஒன்றைத் தொட்டால்தான் மனசு ஆறும் போலிருந்தது. அவள் கன்றைக் கட்டிக்கொண்டு அழுதேன். சப்புவதற்கு விரலைக் கொடுத்தேன்.

பத்து நாளுக்குள் அந்தக் கன்று செத்தது. அத்தையின் மாட்டுக்குப் பால் வற்றியது. அவள் எங்கள் வாசலில் வந்து மாரில் அடித்துக்கொண்டாள்.

"பொத்திப் பொத்தி வெச்சினு இருந்தேனேடா! உன் வூட்டுப் படியக்கூட மிதிக்கலியே! எப்டிடா வந்துச்சு?"

"காத்துல வந்துருக்கும்க்கா" என்றார் நைனா, தரையைப் பார்த்து.

எனக்குப் பொறுக்கவில்லை. "அழுவாத அத்தை. நைனாவாண்ட சொல்லு, உன் கன்னுக்கும் வைக்கோல் அடைச்சு நிக்க வெப்பாரு. எங்க கன்னு அப்டித்தான் நிக்குது. அதக் கட்டிப் புடிச்சுட்டு அப்டியே வந்துதான் உன் கன்னையும் கட்டிப் புடிச்சேன்" என்றேன்.

அத்தையின் அழுகை நின்றது. நைனாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பிப் போய்விட்டாள்.

இவ்வளவு ஆறுதல் சொல்லியும் அத்தை ஏன் என்னைத் தூக்கிக்கொள்ளவில்லை என்றுதான் அன்று முழுக்க எனக்கு வருத்தம்.