மூன்று நாள், எட்டு நாள்

வல்வெட்டித்துறையில் கடற்கரை வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில், கடைசி வீட்டுக்கு முந்திய வீடு வசந்தினியுடையது. வயது முப்பத்து நான்கு. யாழ்ப்பாணத்தில் வெளிவரும் ஒரு பத்திரிகையின் சனிக்கிழமை மாணவர் பக்கத்துக்குப் பதினொரு வருடமாக அவள் பொது அறிவுக் கேள்விகள் எழுதிக்கொடுத்தாள். வாரத்துக்கு இருபது கேள்வி. விடைகளைத் தலைகீழாக அடியில் அச்சிடுவார்கள். அவளுடைய பெயர் எங்கும் வராது.

அவளுக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது, போரால் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வரும் கண்டி வீதி பூட்டப்பட்டது. காகிதம் வராமல் பத்திரிகைகள் நான்கு பக்கமாகச் சுருங்கின. அந்தக் காலத்தில் அவளுக்குக் கிடைத்தது பழைய ஆண்டுப் புத்தகம் ஒன்று. அதில் சோவியத் நாடு இன்னும் உடையாமல் இருந்தது. நாடுகள், தலைநகரங்கள், நாணயங்கள் என்று முழுவதையும் பாடமாக்கி முடித்த பிறகுதான், பாதி விடை பிழை என்று தெரிந்தது. அதற்குப் பிறகு எதையும் இரண்டு இடத்தில் பார்க்காமல் எழுதுவதில்லை என்று பழகிக்கொண்டாள்.

ஒழுங்கையில் எல்லாருக்கும் அவள் தேவைப்பட்டாள். பிள்ளைகள் உலகம் முழுக்கச் சிதறிப்போன ஊர் அது. "மோல்டோவா எண்டது எங்கை பிள்ளை இருக்கு? அங்கை குளிரோ?" என்று ஒருவர் வருவார். வின்னிபெக்கில் இப்போது பகலா இரவா என்று இன்னொருவர் படலையில் நின்று கேட்பார். பெலாரசுக்கும் போலந்துக்கும் இடையில் உள்ள காடு எத்தனை மைல் என்று ஒரு தாய் கேட்டபோது, வசந்தினி விடை சொல்லிவிட்டு அந்தத் தாயைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்தாள்.

அவளோடு அந்த வீட்டில் தாய் கமலாவதியும், தம்பி கோகுலனும், அவன் மனைவி தனுஷாவும், அவர்களுடைய மூன்று வயது மகளும் இருந்தார்கள். கோகுலன் கடற்றொழிலுக்குப் போகிறவன். சிறிய படகு ஒன்று வைத்திருந்தான்.

வைகாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவன் தனியாகக் கடலுக்குப் போனான். வழமையாகக் கூடப் போகிறவனுக்கு அன்று காய்ச்சல். வலையை விட்டுவிட்டு விடியப் புறத்தில் திரும்பும் தொழில்தான். ஒரு பெரிய போத்தல் தண்ணீரும் சோற்றுப் பார்சலும் கொண்டுபோனான்.

புதன் காலை மற்றப் படகுகள் வந்து சேர்ந்தன. அவனுடையது வரவில்லை. இயந்திரம் நின்றிருக்க வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். அப்போது சோளகம் வீசிக்கொண்டிருந்தது. கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்று அது. கரையில் நிற்கிறவனுக்குக் கடல் குளம் போலத் தெரியும். ஆனால் இயந்திரம் நின்ற படகை அது வடகிழக்கே, வங்காள விரிகுடாவுக்குள் தள்ளிக்கொண்டே போகும்.

படகுகள் வைத்துத் தொழில் நடத்தும் கனகலிங்கம் என்ற மூத்த சம்மாட்டி ஏழு படகுகளைச் சேர்த்துக்கொண்டு தேடப் புறப்பட்டார். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் போனார்கள். எரிபொருள் தீரும் மட்டும் போய், வெறுங்கையோடு வந்தார்கள். ஆழ்கடலில் நிற்கும் பெரிய படகுகளுக்கும், இந்தியாவில் இருக்கும் தெரிந்தவர்களுக்கும் கரையிலிருந்து தொலைபேசி போய்க்கொண்டிருந்தது. ஊரில் ஒரு துளி மழை இல்லை. முற்றத்து மணல் காலைச் சுட்டது.

வியாழன் மத்தியானம் வசந்தினி அடுப்படியில் நின்றபோது தனுஷா குசினிக்குள் வந்து கதவோடு நின்றாள்.

"மச்சாள், ஒண்டு கேக்கட்டே?"

"கேள்."

"மனிசர் தண்ணி இல்லாமல் எத்தினை நாள் இருப்பினம்?"

வசந்தினி அந்தக் கேள்வியைத் தன் பக்கத்தில் இரண்டு தடவை போட்டிருக்கிறாள். ஏறத்தாழ மூன்று நாள் என்பது விடை. வெயிலில் அதைவிடக் குறையும். அவள் அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்.

"எட்டு நாள். சில பேர் அதைவிடக் கூடவும் இருந்திருக்கினம்."

"வடிவாத் தெரியுமோ?"

"ஓம். படிச்சனான்."

தனுஷா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். அவன் காணாமல் போன பிறகு அன்றுதான் முதல்முறையாகப் பிள்ளையை அவளே குளிப்பாட்டினாள். வருகிறவர்களிடம், "மச்சாள் சொன்னவ, எட்டு நாள் தாங்குமாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மச்சாள் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர்களும் தலையாட்டினார்கள்.

வெள்ளி பின்னேரம் கனகலிங்கம் வந்தார். வீட்டுக்குள் வராமல் வேலியோரம் நின்று வசந்தினியைக் கூப்பிட்டார். மூன்று நாள் வெயிலில் அவருடைய உதடு வெடித்திருந்தது.

"பிள்ளை, வெளியிலை கடல் குழம்புது. நேற்று ஒரு படகு கவிழப் பார்த்தது. உள்ளதைச் சொல்லு. நாளைக்கும் பெடியளைக் கொண்டுபோறதோ?"

அவள் வீட்டுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

"தனுஷா என்னவோ எட்டு நாள் எண்டு சொல்லுது."

"அது அவவுக்குச் சொன்னது, அண்ணை."

"அப்ப?"

"ஒரு போத்தல் தண்ணிதான் கொண்டுபோனவன். இந்த வெயிலுக்கு மூண்டு நாள். அதுக்கு மேலை இல்லை."

கனகலிங்கம் தலையாட்டினார். "சரி பிள்ளை" என்றார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். சனிக்கிழமை படகுகள் தேடப் போகவில்லை. தேடலோடு தொலைபேசி அழைப்புகளும் ஒவ்வொன்றாக நின்றன.

காற்றைக் காரணம் சொல்லித் தனுஷாவைச் சமாளித்தார்கள். அவள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை கோகுலனின் சாரங்களைத் தோய்த்துக் காயப்போட்டாள். அன்று பகல் வசந்தினி அறைக்குள் இருந்து, பத்திரிகைக்குக் கொடுக்க வேண்டிய இருபது கேள்விகளையும் எழுதி முடித்தாள். கை மட்டும் எழுதியது. எரிமலைகளைப் பற்றியும் பனாமாக் கால்வாயைப் பற்றியும் எழுதியதாக அவளுக்குப் பின்னால் ஞாபகம் வந்தது.

வியாழக்கிழமை, நெல்லூர்க் கரைக்கு வெகு தொலைவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த தெலுங்கு மீனவர்கள் ஒரு படகைக் கண்டார்கள். உள்ளே கோகுலன் இறந்து கிடந்தான். படகிலிருந்த பதிவு இலக்கத்தை வைத்து ஊருக்குச் செய்தி வந்தது.

உடல் வந்துசேரப் பன்னிரண்டு நாள் சென்றது. பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கமலாவதி பலகையின் மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். அன்றே எரித்தார்கள்.

பெட்டியோடு இந்திய அதிகாரிகள் அனுப்பிய கடித உறை ஒன்றும் வந்தது. ஆங்கிலத்தில் நான்கு தாள். வீட்டில் அதை வாசிக்கக்கூடியவள் வசந்தினி ஒருத்திதான். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் அவள் அதை எடுத்தாள்.

படகில் கண்ட பொருட்களின் பட்டியல் முதலில் இருந்தது. நான்கு மூலையும் கட்டப்பட்ட ஒரு தறப்பாள். அதன் கீழே ஒரு வாளி. வாளியில் சிறிதளவு நல்ல தண்ணீர். அந்த நாட்களில் நடுக்கடலில் ஒரு தாழமுக்கம் இருந்ததையும், அங்கே இரண்டு இரவு மழை பெய்ததையும் அதை எழுதிய அதிகாரி குறித்திருந்தார். மூன்றாம் தாளில் மருத்துவரின் கணிப்பு. உடல் கிடைப்பதற்கு ஏறத்தாழ மூன்று நாட்களுக்கு முன்னர், வெயிலின் தாக்கத்தால் மரணம் நிகழ்ந்திருக்கலாம்.

வியாழனிலிருந்து மூன்று நாள் பின்னால் போனாள். திங்கள்.

அவன் சனிக்கிழமை உயிரோடு இருந்திருக்கிறான். ஞாயிறும் இருந்திருக்கிறான். தறப்பாளைக் கட்டி, மழையைப் பிடித்து, குடித்துக்கொண்டு, யாராவது வருவார்கள் என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். தாழமுக்கச் செய்தி அவள் வேலை செய்யும் பத்திரிகையிலேயே வந்தது. அவள் அதை வாசித்தும் இருந்தாள். தலைக்கு மேல் வானம் வெளுத்துக் கிடந்ததால் அதைத் தம்பியோடு சேர்த்து நினைக்கவில்லை.

அவள் தாள்களை எடுத்துக்கொண்டு கனகலிங்கத்திடம் போனாள். அவர் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "வெள்ளிக்கிழமையே அவன் எங்கடை படகு போற தூரத்திலை இல்லை, பிள்ளை. போயிருந்தாலும் கண்டிருக்க மாட்டம்."

"பெரிய படகுகளுக்குச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கலாம்தானே, அண்ணை?"



ஆனி மாதக் கடைசியில் மரணத்தைப் பதிவதற்கான படிவம் வந்தது. தனுஷா அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். வசந்தினி பெயரை எழுதினாள். வயதை எழுதினாள். மரணித்த திகதி என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. அந்தத் தாள்களில் என்ன இருக்கிறது என்று தனுஷா அதுவரை கேட்கவில்லை. கடலில் இறந்தான் என்பது அவளுக்குப் போதுமாக இருந்தது. அவன் போன செவ்வாயோ மறுநாள் புதனோ என்று எழுதிவிட்டால் அதுவே அவளுக்கு நிலைத்துவிடும்.

வசந்தினி திங்கட்கிழமையின் திகதியை எழுதினாள்.

தனுஷா குனிந்து பார்த்தாள். விரலை மடித்து எண்ணினாள்.

"அண்டைவரைக்கும் உயிரோடை இருந்தவரே?"

"ஓம். மழைத்தண்ணி குடிச்சிருக்கிறான்."

"நான் அண்டைக்கு அவற்றை சாரம் தோய்ச்சனான்" என்றாள் தனுஷா. பிறகு, "வெள்ளியோடை ஏன் தேடுறதை விட்டவை?" என்று கேட்டாள்.

"நான்தான் சொன்னனான். மூண்டு நாளுக்கு மேலை இருக்க மாட்டான் எண்டு."

முற்றத்தில் பிள்ளை யாரோடோ கதைக்கும் சத்தம் கேட்டது. தனுஷா கதிரையில் இருந்தாள். அழவில்லை. படிவத்தைத் தன் பக்கம் இழுத்து அந்தத் திகதியை விரலால் தொட்டாள்.

"எனக்குப் பொய் சொன்னதுக்குக் கோவமில்லை, மச்சாள்" என்றாள். "தேடப் போனவைக்கும் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கலாம்."

வசந்தினி அடுத்த வாரம் பத்திரிகைக்குக் கேள்விகள் அனுப்பவில்லை. அவர்கள் இரண்டு தடவை தொலைபேசி எடுத்தார்கள். பிறகு வேறொருவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆடியில் தனுஷாவின் தமையன் அச்சுவேலியிலிருந்து ஓட்டோ ஒன்று பிடித்துக்கொண்டு வந்தான். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளையை அங்கே பாலர் பாடசாலையில் சேர்க்கப்போவதாகத் தனுஷா மாமியாரிடம் மட்டும் சொன்னாள். கமலாவதி பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கை முகப்பு வரை நடந்தார். வசந்தினி உடுப்புப் பைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் ஓட்டோவின் பின்னால் அடுக்கினாள். கடைசிப் பையை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். தனுஷா ஏறி, பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, நேரே முன்னால் பார்த்தபடி இருந்தாள்.