அடியில் எதை வைப்பது

வேலூர் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றும் அறை ஏசி அறை. முதல் தடவை பாதி மருந்து இறங்குவதற்குள் என் மனைவிக்குப் பற்கள் கிட்டிக்கொண்டன. வீட்டிலிருந்து கொண்டுபோன பஞ்சு ரஜாயைப் போர்த்தினேன்.

"எடுங்க, எடுங்க. நெஞ்சு மேல ஆளு உக்காந்தா மாதிரி இருக்குது."

எடுத்தால் குளிர். போர்த்தினால் கனம். அறுவை செய்த இடத்தில் ஒரு மடிப்பு உரசினாலும் அவள் முகம் சுருங்கிவிடும். நான் எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்து நின்றதில், "பேஷன்ட் யாருங்க?" என்று நர்ஸ் என்னைப் பார்த்துக் கேட்டார்.

அடுத்த மருந்துக்குள் கனக்காத, உரசாத போர்வை ஒன்று வேண்டும். கடையில் இருந்தவை இரண்டில் ஒன்றில் தோற்றன.

"என் பழைய புடவைங்கள வரிவரியாக் கிழிச்சித் தெச்சிடலாம். மெஷின் மிதிக்கத்தான் என்னால முடியாது" என்றாள்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில், மேல்தோல் தைக்கும் பிரிவில் நான் சூப்பர்வைசர். தோல் என்றால் பேசலாம். துணி எனக்குப் பழக்கமில்லை.

கிழித்த வரிகள் தாமாக நிற்காது. அடியில் ஒரு சதுரம் வேண்டும். அதன்மேல் ஒரு வரியை வைத்து, அடுத்ததைக் கவிழ்த்து ஓரம் தைத்து, திருப்பிவிட்டு, அப்படியே சதுரம் நிறையும்வரை போக வேண்டும். அந்த அடிச் சதுரத்துக்கு எதை வைப்பது? பேப்பர் வைத்தால் பிறகு கிழித்துவிடலாம், கனம் மிஞ்சாது என்று அவள் சொன்னாள். செய்தித்தாளை வெட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கம்பெனிப் பழக்கத்தில் வீட்டு மெஷினிலும் தோல் ஊசியை மாட்டியிருந்தேன். அதன் முனை சின்னக் கத்தி. அது குத்தாது, அறுக்கும். அவளுடைய வளைகாப்புப் புடவையில் இழைகள் வரிசையாக அறுந்துவிட்டன. தோலில் தப்பாக விழுந்த ஓட்டை மூடவே மூடாது. அந்தத் துண்டு குப்பைக்குத்தான். அதே பயத்தில், "போச்சு! போச்சு!" என்று கத்திவிட்டேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "யாரு போனது? நான் இங்கதான இருக்கறேன்."

அந்த வீட்டில் அப்போது அப்படி ஒரு வார்த்தையைக் கத்தியிருக்கக் கூடாது. அவள் அறுந்த ஓரத்தை வெட்டி எறிந்தாள். மற்ற இடத்தில் தையலைப் பிரித்து, ஊசித் தடத்தை நகத்தால் தேய்த்தாள். துளைகள் மூடிக்கொண்டன. "துணி மன்னிக்கும். சின்ன ஊசி போடுங்க."

போட்டேன். பேப்பரைக் கிழித்தபோது தையலும் கூடவே இழுபட்டது. இடுக்குகளில் துணுக்குகள் தங்கிவிட்டன. போர்த்திப் பார்த்துவிட்டு, "பஜ்ஜி மடிச்சிக் குடுத்தா மாதிரி சரசரங்குது" என்றாள்.

மறுநாள் கட்டிங் செக்‌ஷன் பாயிடம் போனேன். மெல்லிய தோல் இழுபடாமலிருக்கப் பின்னால் ஒட்டும் துணி அவரிடம் இருக்கும்.

"இன்னாபா, வூட்டுக்காரம்மாவுக்குப் போர்வையா, பூட்ஸா?"

"லைட்டா இருக்கும்ல, பாய்?"

"லைட்டுதான். ஆனா அயர்ன் பட்டா பசை பிடிச்சிக்கும். அப்புறம் ஏங்கிட்ட வராத."

கேட்கிற நிலையில் நான் இல்லை. அதில் தைத்து அயர்ன் பண்ணியதும் சதுரம் விறைத்து, சுவரில் சாய்த்தால் தானாக நின்றது. அவள் அதைக் கதவுபோல விரலால் தட்டினாள். "யாரும்மா வூட்ல?"

சிரித்தோம். ஆனால் அடுத்த மருந்து நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சிரித்து முடித்தபின் அவளுக்கு மூச்சு வாங்கியது. நான் பீரோவில் இருந்த எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டினேன். அதிலிருந்து என் பழைய வேட்டிகளை அவள் இழுத்தாள்.

"இத வைங்க. சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிச்சிடுச்சி. உங்கள மாதிரி."

தோய்த்துத் தோய்த்து வேட்டி வெங்காயத்தோல் போல மெல்லிசாக ஆகியிருந்தது. அதைச் சதுரமாக வெட்டித் தைத்தேன். மேலே புடவைகள் அழகாக அமைந்தன. ஆனால் சதுரங்களை ஒன்றோடொன்று இணைத்ததும் அடிப்பக்கம் ஒவ்வொரு மூட்டும் தடித்து நின்றது. அதை மறைக்க இன்னொரு துணி கொடுத்தால் கனம் வந்துவிடும்.

அடுத்த நாள் கம்பெனியில் வழக்கம்போல ஒரு ஷூவுக்குள் கையை விட்டுத் தடவிக்கொண்டிருந்தேன். "கால் படற பக்கம் தையல் முட்டக் கூடாதுன்னு எத்தினி வாட்டி சொல்றது?" என்று தைத்தவரைத் திட்டினேன். திட்டிய வாய் அப்படியே நின்றது. இத்தனை நாளும் நான் போர்வையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பு படும் பக்கத்தைத் தடவிப் பார்க்கவே இல்லை.

மூட்டுகளைப் பிரித்தேன். தடிப்பு வெளியே வரும்படி திருப்பித் தைத்து, அதன்மேல் ஒரு புடவை வரியை வைத்து மூடிவிட்டேன். அடியில் வேறு துணியே இல்லை. வேட்டிதான் உள்பக்கம். கன்னத்தை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, மறுபடியும் தேய்த்துப் பார்த்தேன்.

வேலூரில் அதே அறை, அதே குளிர். கழுத்துவரை இழுத்துவிட்டேன். அவள் முகத்தையே பார்த்தேன். சுருங்கவில்லை. பிறகு லேசாகச் சுருங்கியதுபோல இருந்தது.

"கனமா இருக்குதா? எடுத்துடவா?"

"கைய எடுங்க" என்றாள். "அதுதான் கனம்."

நெஞ்சருகே போர்வையை அழுத்திப் பிடித்திருந்த இரண்டு கைகளையும் எடுத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மருந்து இறங்க ஆரம்பித்தது.