தவளை டீச்சரும் நாடுகடத்தப்பட்ட பூச்சிகளும்

பள்ளிக்கூடத்தில் அவரை எல்லோரும் தவளை டீச்சர் என்றுதான் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் மட்டுமல்ல, முகத்துக்கு நேராகவும். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே கொஞ்சம் யோசித்துத்தான் திரும்புவார்.

ஆரம்பத்தில் அவருக்கும் தவளைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தவளையின் வாழ்க்கைச் சுழற்சியைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து முழு மதிப்பெண் வாங்கியவர்தான். ஆனால் தலைப்பிரட்டையை உயிரோடு பார்த்தது கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாணவி டிபன் பாக்ஸில் எதையோ பிடித்துவந்து, இது என்ன மிஸ் என்று நீட்டினாள். மீன் குஞ்சு என்றார் டீச்சர். சில நாளில் அந்த மீனுக்குக் கால் முளைத்தது. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது, டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. கண்ணால் பார்க்காததை இனிமேல் பாடமாக நடத்துவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தார்.

இயற்கைச் சங்கம் பிறந்த கதை அவ்வளவுதான். உடைந்த பெஞ்சுகள் குவிந்து கிடந்த பின்புறத்தில் பிள்ளைகளும் அவரும் சேர்ந்து பள்ளம் தோண்டினார்கள். அடியில் பழைய தார்ப்பாய் விரித்து, கூரைத் தண்ணீர்க் குழாயை அதற்குள் திருப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு அங்கேதான். மண்டியிட்டு, டீ வடிகட்டியால் அள்ளி, வெள்ளைத் தட்டில் விட்டுப் பார்க்க வேண்டும், வரைய வேண்டும், எடுத்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். எதையும் கொல்லக்கூடாது. இதனால் டீச்சர் வீட்டில் வடிகட்டி தங்கியதே இல்லை. டீ போடும் முன்பு, இது எந்தக் குட்டையில் குளித்துவிட்டு வந்தது என்று விசாரிக்க வேண்டியிருக்கிறதே என்று மாமியார் புலம்புவார். லிப்ட் பழுது பார்க்கும் வீட்டுக்காரர் எதையும் விசாரிக்காமல் டீயைக் குடித்துவிட்டுப் போவார். அந்த மனிதருக்கு வயிறு கெட்டியாக இருந்தது.

இந்த வருடம் சின்ன வகுப்புப் பிள்ளைகள் சிலருக்குக் காய்ச்சல் வந்தது. பெற்றோர்களின் வாட்ஸப் குழுவில் ஒருவர் கிளப்பினார், மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்: எல்லாம் அந்தக் குளத்துக் கொசுவால்தான். தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பள்ளி வேன்களை நிறுத்தவும் இடமில்லை. குளத்தை மூடிவிடலாம் என்றார். டீச்சர் ஒற்றைக் காலில் நின்றார்.

“நல்ல குளத்துல கொசு வளராது மேடம். தட்டான் குஞ்சுங்க தண்ணிக்குள்ளதான் வளருது, கொசுப்புழுதான் அதுங்களுக்குச் சாப்பாடு. ஆளக் கூப்பிட்டு சோதிச்சுப் பாருங்க. புழு இருந்தா நானே மண்ணப் போட்டு மூடிடறேன்.”

இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லியிருக்க வேண்டாம்.

சுகாதார ஆய்வாளர் நீளக் கைப்பிடி வைத்த வெள்ளைக் கரண்டியோடு வந்தார். ஓர் ஓரத்தில் முக்கி எடுத்தார். கரண்டி நிறையப் புழு நெளிந்தது. அடுத்த ஓரத்திலும் அப்படித்தான். டீச்சர் குனிந்து பார்த்தார், கொசுப்புழுவேதான். தலைமையாசிரியை திட்டியிருந்தால்கூடத் தேவலை. திங்கட்கிழமை மண் லாரிக்குச் சொல்லிவிடுகிறேன் என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

சங்கத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்று தங்கள் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கத் தலைவிக்கு வாயாடி என்று பெயர். அவளே வாயை மூடிக்கொண்டு நின்றதும் டீச்சருக்குப் பொறி தட்டியது. தட்டான் குஞ்செல்லாம் எங்கே என்று கேட்டார்.

“அதுங்க எங்க குட்டிங்களத் தின்னுச்சு மிஸ்,” என்றாள் வாயாடி. “அதான் வெளிய அனுப்பிட்டோம்.”

விஷயம் மெல்ல மெல்ல வந்தது. ஆளுக்கொரு தலைப்பிரட்டையைத் தேர்ந்தெடுத்து, பெயர் வைத்து, வளர்வதைக் கவனிக்கச் சொன்னவர் டீச்சரே. ஒன்றிலிருந்து ஒன்றை எப்படி அடையாளம் கண்டார்களோ, அவர்களுக்குத்தான் வெளிச்சம். பெயர் வைத்த குட்டியைத் தட்டான் குஞ்சு கண்ணெதிரே கவ்வித் தின்றதும் பிள்ளைகளுக்குப் பொறுக்கவில்லை. டீச்சருக்குத் தெரியாமல் கூட்டம் போட்டு, ஒருமனதாகத் தீர்மானம் போட்டுவிட்டார்கள். கொல்லக்கூடாது என்பதுதானே விதி! ஒவ்வொன்றாக வடிகட்டியில் பிடித்து, செடிக்குத் தண்ணீர் எடுக்கும் சிமெண்டுத் தொட்டிக்கு நாடுகடத்தினார்கள்.

டீச்சருக்குக் கோபம் பொங்கியது. முதலில் பிள்ளைகள் மீது, பிறகு தன் மீது. எது எதைத் தின்னும் என்று பலகையில் அம்புக்குறி போட்டு வருடா வருடம் காட்டியவர், பெயர் வைத்த உயிரையும் அந்த அம்பு குத்தும் என்று சொல்லவே இல்லை.

பையை மூடிக்கொண்டிருந்த ஆய்வாளர்தான் அந்தத் தொட்டியைக் காட்டச் சொன்னார். அதில் முக்கினார். ஒரு கொசுப்புழுகூட இல்லை. மறுபடி முக்கியபோது அழுக்கு நிறத்தில் ஒரு தட்டான் குஞ்சு மட்டும் கரண்டி விளிம்பைப் பற்றிக்கொண்டு வந்தது. நம்பாத தலைமையாசிரியை கரண்டியை வாங்கித் தானே முக்கிப் பார்த்தார். தொட்டியையும் குளத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன்,” என்றார். “அப்பவும் புழு இருந்தா லாரி வரும்.”

குஞ்சுகளை உடனே குளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். டீச்சர் தானே செய்துவிடலாம் என்று வடிகட்டியை எடுத்தார், பிறகு பிள்ளைகளிடமே கொடுத்தார். மற்றவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டே குஞ்சுகளைக் குளத்தில் விட்டார்கள். வாயாடி மட்டும் குஞ்சு கிடந்த வடிகட்டியைப் பிடித்தபடி குளத்தங்கரையில் நின்றாள்.

“இது என் குட்டியத் தின்னுமா மிஸ்?”

தின்னாது என்ற வார்த்தை டீச்சரின் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அந்தக் குழந்தை நிம்மதியாக வீட்டுக்குப் போகும்.

“தின்னாலும் தின்னும்,” என்றார். “சிலது தப்பிக்கும். உன்னோடது தப்பிக்குமான்னு எனக்குத் தெரியாதும்மா.”

வாயாடி அழுதாள். அழுதுகொண்டே குளத்தைச் சுற்றி நடந்தாள். தன் குட்டி வழக்கமாக மேயும் இடத்துக்கு நேர் எதிர்க் கோடிக்குப் போய், குனிந்து, தட்டான் குஞ்சை அங்கே தண்ணீரில் விட்டாள். அந்தக் குளத்தை நீந்திக் கடக்க அதற்கு வெகுநேரம் ஆகாது என்று டீச்சருக்குத் தெரியும். அவர் அதை மட்டும் சொல்லவில்லை.