ரேடியோ உட்கார்ந்த பக்கம்

என் ஓரகத்திக்கு ரேடியோ என்று பேர் வைத்தது சட்டைக் கம்பெனி. வாய் ஓயாது, கை அதைவிட ஓயாது. ஒரே மேசையில் எதிரெதிரே நின்று சட்டை மடித்தோம். காலரை நிமிர்த்தி, கைகளை முதுகுப்பக்கம் மடக்கி, அட்டை வைத்து, குண்டூசி குத்திப் பையில் போடவேண்டும். காலையில் நின்றால் சங்கு ஊதும்வரை நிற்பதுதான். சாயங்காலம் அவள் கால் வீங்கிச் செருப்புக்குள் போகாது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடப்பாள்.

"நிக்க முடியலன்னா வீட்டோட இருந்துக்கம்மா" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அவள் சம்பளம் இல்லையென்றால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

அந்த வாரம் தொழிற்சங்கத்துக்காரர் கேட் வாசலில் கூட்டம் போட்டார். இடதுசாரி என்கிறார்களே, அது எப்படி வந்தது என்று விளக்கினார்.

"பிரான்ஸ் தேசத்துல அப்ப ராஜா ஆட்சி. ராஜாவுக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கலாம்னு சபையில சண்டை. ராஜா பக்கம் நின்னவங்க தலைவருக்கு வலது பக்கம் உக்காந்தாங்க. அதிகாரத்தைக் குறைக்கணும்னவங்க இடது பக்கம் உக்காந்தாங்க. பிற்பாடு, எல்லாரும் சமம்னு கேக்கறவங்களுக்கு அந்தப் பேரே நிலைச்சிருச்சு."

"அண்ணே, அப்ப ரெண்டு பக்கமும் உக்கார இடம் இருந்திருக்கு!" என்றாள் ரேடியோ. "இங்க எங்களுக்கு எந்தப் பக்கமும் இல்லியே!"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "அதையே உள்ள போய்க் கேளும்மா" என்றார்.

மறுநாளே மேனேஜரிடம் போய் ஆளுக்கொரு ஸ்டூல் கேட்டாள். மதியம் அவர் எல்லோரையும் சாப்பாட்டு ஹாலுக்குக் கூப்பிட்டார். நடுவில் நாற்காலி போட்டு அவர். அவருக்கு வலது பக்கம் பெஞ்சுகள், மேலே மின்விசிறி. இடது பக்கம் வெறும் தரையும் கைகழுவும் குழாயும்.

"ஸ்டூல் வேணாங்கறவங்க பெஞ்சுல உக்காருங்க. வேணுங்கறவங்க அந்தப் பக்கம் போய் நில்லுங்க. எத்தனை பேருன்னு பார்த்துடலாம்."

கெட்டிக்காரர்தான். கால் கடுத்த சனம் பெஞ்சை விடுமா? எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். ரேடியோ மட்டும் இடது பக்கம் போனாள். போனவள் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நிக்கச் சொன்னேன்ல?"

"நிக்க முடிஞ்சா நான் ஏன் சார் ஸ்டூல் கேக்கறேன்?"

அடுத்தது நான் போனேன். ஓரகத்தி என்பதால் போனேன் என்று இன்றும் சொல்கிறார்கள். இல்லை. என் காலும் வலித்தது, போனேன். யார் சொன்னாலும் இதை மாற்றமாட்டேன். பிறகு ஒருத்தி, அப்புறம் நாலு பேர், அப்புறம் பெஞ்சே காலி. மின்விசிறிக் காற்றில் சூப்பர்வைசர் மட்டும் மிஞ்சினார். அவரும் மெல்ல எழுந்தார்.

"நீயுமாய்யா?"

"காலையிலேருந்து நானும் நின்னுட்டுத்தானே சார் இருக்கேன்."

"தள்ளி உக்காருங்கடி, அண்ணனுக்கு இடம் விடுங்க!" என்றாள் ரேடியோ.

வெளியே சட்டை மூட்டை ஏற்ற வந்த லாரி ஹாரன் அடித்தது. ஒருவரும் அசையவில்லை.

"சரி, ஸ்டூல் வரும். எழுந்திருங்க."

"வரட்டும் சார். உக்காந்துட்டே காத்திருக்கோம்."

லாரியில் சரக்கு ஏறும் முன்னால் ஸ்டூல் வந்து இறங்கியது. சூப்பர்வைசருக்கும் சேர்த்துத்தான்.

அந்த வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம் ரேடியோ செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். சரக் சரக்கென்று வீடுவரை அந்தச் சத்தம். அவள் பேச்சையே அது அமுக்கிவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.