சந்தனமாரிக்குக் கொடுத்த நாற்காலி

ஒரகடத்தில் இரக்கத்துக்குப் பஞ்சமே இல்லை. சந்தனமாரியின் கால்கள் இறுகத் தொடங்கியபோது, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு அது அவளுக்குக் கிடைத்தது.

சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். பன்னிரண்டாவது முடித்த கையோடு, 2009இல், ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். பக்கத்துப் படப்பையில் காமாட்சியம்மாள் வீட்டு மாடியில், அதே கம்பெனியில் வேலை பார்த்த நாங்கள் நாலு பேர் வாடகைக்குத் தங்கியிருந்தோம். இரண்டு வருஷம் கழித்து அவளுக்கு ஒரு கண் மங்கி, தானாகவே தெளிந்தது. பிறகு கால்கள். காலையில் எழுந்தால் முழங்கால் மடங்காது. இடுப்பிலிருந்து இரண்டு மரச்சட்டங்களைத் தொங்கவிட்டதுபோல் நடப்பாள்.

சென்னையில் நரம்பு டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டுச் சொன்னார்: நரம்பின் மேலுறையை உடம்பே அரிக்கிறது, தசைக்குத் தளர்ந்துகொள் என்று போகும் உத்தரவு வழியிலேயே கெட்டுவிடுகிறது. மாத்திரை கொடுத்தார். அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, கூட்டிப் போடவும் கூடாது. கூடினால் கால் துவண்டுவிடும். பாதி நேரம் அந்த இறுக்கம்தான் அவளை நிற்க வைக்கிறது. ஒரே இடத்தில் வெகுநேரம் உட்காராதே, அடிக்கடி எழுந்து காலை நீட்டு என்றார்.

டாக்டர் சொன்னது அவ்வளவுதான். மிச்சத்தைப் படப்பை சொன்னது. வாயு என்றார்கள், செய்வினை என்றார்கள், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார்கள். சொன்னவர்களில் பலருக்கு எங்கள் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

சந்தனமாரி யாரோடும் வாதாடவில்லை. காலையில் கம்பெனி பஸ் வருவதற்கு முன் பாயில் மல்லாந்து படுத்து, பாதத்தில் துண்டைச் சுற்றி, காலை மெல்ல இழுத்துப் பிடிப்பாள். வெடுக்கென்று இழுத்தால் தசை முரண்டு பிடிக்கும். அது விட்டுக்கொடுக்கும் வரை காத்திருப்பாள்.

லைன் சூப்பர்வைசர் பச்சையப்பன் நல்ல மனுஷன். அவரே அடிக்கடி சொல்லுவார். ஒருநாள் காலை மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

"கால் முடியலன்னா சொல்ல மாட்டியாம்மா? இன்னா பொண்ணு நீ! இந்த லைனு ஒரு குடும்பம்மா. எல்லாம் கைதட்டுங்க."

தட்டினோம். எங்கள் லைனில் எல்லோரும் நின்றுதான் வேலை பார்க்க வேண்டும். நாற்காலி கர்ப்பிணிகளுக்கு மட்டும். அது அங்கே எழுதாத சட்டம். ஆகவே டீ நேரத்துக்குள் விஷயம் முடிவாகிவிட்டது; எத்தனையாவது மாசம் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இருந்தது. எங்கள் லைனில் நிற்கும் சேரப்பணஞ்சேரி ராஜலட்சுமி நாலு என்றாள்.

நாங்கள் வீடு திரும்புவதற்குள் செய்தி காமாட்சியம்மாளிடம் வந்துவிட்டிருந்தது.

"சேர் குடுத்தாங்களாமே?"

"ஆமாம்மா. கால் நோவுக்கு."

"எனுக்கும் மூணு புள்ளைங்க கீது. எந்த நோவுக்கு சேர் குடுப்பாங்கன்னு எனுக்குத் தெரியாதா? மாசக் கடைசில வூட்டக் காலி பண்ணிடு."

வீட்டைக் கெடுத்த நாற்காலி காலையும் கெடுத்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு தொடைகளும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். நடுவில் எழ வேண்டுமென்றால் மாற்றாள் வர வேண்டும். "உக்காந்துகினு இருக்கறவளுக்கு இன்னாத்துக்கு மாத்தாளு?" என்றார் பச்சையப்பன். ஒருநாள் சாப்பாட்டு மணிக்கு எழுந்தவள், அப்படியே வயர் போர்டின் மேல் விழுந்தாள்.

"இன்னொரு தபா உழுந்தன்னா வேலைக்கு வராத. வூட்லயே ரெஸ்ட் எடு" என்றார். அதையும் இரக்கத்தோடுதான் சொன்னார்.

மறுநாள் காலை மீட்டிங்கில் சந்தனமாரி வாயைத் திறந்தாள்.

"சார், சேர எடுத்துருங்க. நான் நின்னே வேல பாக்கேன்."

"நின்னா உழுந்துடுவ."

"உக்காந்தாத்தான் விழுதேன்."

"நீ இன்னா டாக்டரா?"

"இல்ல சார். ஆனா காலு என்னுது."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, வலது பாதத்தின் முன்பகுதியை மட்டும் தரையில் ஊன்றினாள். குதிகால் படபடவென்று துடிக்க ஆரம்பித்தது. முழங்கால் தையல் மெஷின் ஊசிபோல ஏறி இறங்கியது. நாற்காலி கடகடத்தது.

"நிறுத்தும்மா!"

"நான் ஆட்டல சார். முடிஞ்சா நீங்க நிறுத்துங்க."

அவ்வளவு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் பச்சையப்பன் குனிந்து கணுக்காலைப் பிடித்தார். துடிப்பு அவர் கையையும் சேர்த்து ஆட்டியது.

"அங்க பிடிக்காதீங்க. முட்டு மேல கைய வச்சு, மெதுவா கீழ அமுக்குங்க. குதிங்கால் தரையில படணும்."

அமுக்கினார். குதிகால் தரையில் பட்டது. கால் அடங்கியது. நெற்றி வேர்வையைத் துடைத்தபடி அவர் நிமிர்ந்தபோது ராஜலட்சுமி கேட்டாள்:

"எத்தினியாவது மாசம் சார்?"

லைனே சிரித்தது. அவரும் சிரிக்க வேண்டியதாயிற்று. நாற்காலியை அன்றே எடுத்துவிட்டார்கள். தூண் ஓரமாக நிற்கும் இடம் அவளுக்குக் கிடைத்தது. அவ்வப்போது மாற்றாள் வருவாள். இவள் தூணில் கையூன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டிக் கெண்டைக்காலைத் தளர்த்திக்கொள்வாள். கால் குணமாகவில்லை. ஆனால் வேலை போகவில்லை. அடுத்த மாதம் மேனேஜர் வந்தபோது பச்சையப்பன் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்: "இந்த மாதிரி கேஸ உக்கார வெக்கவே கூடாது சார். நான் முதல்லருந்தே சொல்லிகினு இருக்கேன்."

காமாட்சியம்மாளுக்கும் செய்தி வந்திருந்தது. நாற்காலியை எடுத்த அன்று மாலையே மாடிப்படிப் பக்கம் சந்தனமாரியை ஒதுக்கி நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார்.

"சேர எடுத்துட்டாங்களாமே." கண் அவள் வயிற்றில் இருந்தது. "சரி, போனது போவட்டும். நீ இங்கயே இருந்துக்க. இனிமேலாவது ஒழுங்கா இரு."

சந்தனமாரி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள்.

"வேண்டாம்மா. சேரப்பணஞ்சேரியில கீழ்வீடு ஒண்ணு சொல்லியிருக்காவ. நாளைக்குப் போய்ப் பாக்கேன்."

"அய்ய, இப்ப நான் இன்னா சொல்லிட்டேன்?" என்று அம்மாள் பின்னால் நின்ற எங்களைப் பார்த்துக் கேட்டார். அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.