அம்மாவுக்கு முப்பத்துமூன்று வயது

ஒரே ஒரு பகல் என் அம்மாவுக்கு முப்பத்துமூன்று வயதாக இருந்தது. நான் நாலாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதி முடித்திருந்த விடுமுறை அது.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு சின்ன மோட்டார் பட்டறையில் அம்மா பதினோரு வருடம் காயில் கட்டினாள். செம்புக் கம்பியைச் சுற்றி, மோட்டாருக்குள் இறக்கி, நூல் போட்டு இறுக்குகிற வேலை. ஆர்டர் குறைந்து வாரத்துக்கு மூன்று நாள் என்றானது. பிறகு ஒரு சனிக்கிழமை முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு, "ஆர்டர் வந்தா நானே சொல்லி உடறனுங்க" என்று கைகூப்பினார். ஆர்டர் வரவில்லை. அப்பா வேலை பார்த்த இரும்பு வார்க்கும் பவுண்டரியிலும் பாதி நாள்தான் வேலை. அம்மா நாலு மாதம் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினாள். பல இடங்களில் வாசல் செக்யூரிட்டியே திருப்பி அனுப்பிவிட்டார்.

பீளமேட்டில் ஒரு கம்பெனியில் காயில் கட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் கிளம்பினாள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் என்னையும் கூட்டிக்கொண்டாள். பஸ்ஸில், "அங்க வந்து வாயத் தொறக்கக் கூடாது கண்ணு" என்றாள். ஏன் என்று சொல்லவில்லை.

சூப்பர்வைசர் வயது கேட்டார். "முப்பத்திமூணுங்க" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

கட்டிக் காட்டச் சொன்னார். அம்மா வளையலை மேலே தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். நாலு மாதம் சும்மா இருந்த கை என்று யாரும் சொல்ல முடியாது. கம்பி பின்னாமல் வரிசையாகப் படிந்தது. பக்கத்து மேசைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"திங்கக்கெழம ஆதார் கார்டோட வந்துருங்க" என்றார் சூப்பர்வைசர். அந்தச் சந்தோஷத்திலேயே என் பக்கம் திரும்பி, "நீ ஒரே புள்ளையா அம்மணி?" என்று கேட்டார்.

"இல்லீங்க. அக்கா இருக்கறா. காலேஜ் ரெண்டாவது வருசமுங்க."

அவர் சிரிப்பு மெல்லக் குறைந்தது. அம்மா விரல்களைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். விரல்களில் ஒன்றுமில்லை.

"நாப்பத்திரண்டுங்க எனக்கு. கண்ணு நல்லாத் தெரியுதுங்க" என்றாள்.

"உங்க கையப் பாத்துட்டு வேண்டாம்னு சொல்ல எனக்கே மனசு வரலீங்க. முப்பத்தஞ்சுக்கு மேல எடுக்காதீங்கன்னு மேல சொல்லிப்போட்டாங்க."

கார்டைக் கேட்பார்கள் என்று அம்மாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? வேலையைப் பார்த்துவிட்டால் அப்புறம் வயதைப் பெரிதாக நினைக்கமாட்டார்கள் என்று நம்பியிருக்கிறாள்.

திரும்பும்போது திட்டு விழும் என்று பஸ்ஸில் வழி முழுக்கக் காத்திருந்தேன். அவள் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு மடியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். திட்டாததால், நான் உண்மை பேசியது சரிதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

வீட்டில் அக்கா கேட்டதற்கு, "நாங்க போறதுக்குள்ள ஆள் எடுத்துப்போட்டாங்க" என்றாள் அம்மா. ஒரே நாளில் இரண்டாவது பொய். எனக்குக் கோபம் வந்தது. சாப்பிடும்போது அவள் பக்கத்தில் உட்காரவில்லை.

அந்த ஜூனில் அக்கா காலேஜுக்குப் போகவில்லை. ஒரு துணிக்கடையில் சேர்ந்தாள். பகல் முழுக்க நின்று, கால் வீங்கி வருவாள். அம்மாவுக்கு அதன்பிறகு எங்கேயும் வேலை கிடைக்கவில்லை. பீளமேட்டுக்குத் தாமதமாகப் போனதால்தான் எல்லாம் போயிற்று என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறாள். அம்மா திருத்துவதில்லை.

அந்த இரண்டாவது பொய் எனக்காகச் சொன்னது என்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்ட அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.