இரண்டு மாஸ்ட், ஒரு கேஸ் சிலிண்டர்: வலியசாலையில் ஒரு சனிக்கிழமை

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போய் வந்தேன். கோவில், கடற்கரை, மிருகக்காட்சிசாலை எதையும் பார்க்கவில்லை. ஒரு கம்பம் வாங்கத்தான் போனேன். விண்ட்சர்ஃபிங் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஒரு பலகைமேல் நின்று, அதில் நட்ட பாயைக் கையால் பிடித்துக்கொண்டு, காற்றில் தண்ணீரைக் கிழித்துப் போவது. பாயைத் தாங்கும் கம்பத்தை நாங்கள் மாஸ்ட் என்போம். என் மாஸ்ட் சரியில்லை என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், நானே சரியில்லை என்றுதான் நினைத்தேன்.

எனக்கு நாற்பத்தேழு வயது. பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். ராமேஸ்வரம் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்ல காற்று. அங்கே கூடும் முகாமுக்கு ஆறு வருடமாகப் போகிறேன். முதல் நான்கு வருடம் பறந்தேன். கடைசி இரண்டு வருடம் காற்று கொஞ்சம் எகிறினாலே பாய் என்னைத் தூக்கி முன்னால் எறிந்தது. தோள்பட்டை வலிக்குப் பிசியோதெரபி, மூட்டுக்கு எண்ணெய், வீட்டில் ஆளாளுக்கு அறிவுரை. 'இந்த வயசுல இது தேவையா?' என்று முதலில் கேட்டது என் கணவர் இல்லை, நான்தான். ஒரே ஒரு தடவை வேறு மாஸ்ட் போட்டுப் பார்ப்பது, அதிலும் நடக்கவில்லை என்றால் பாயை யாருக்காவது கொடுத்துவிட்டு ஒதுங்குவது என்று முடிவு செய்திருந்தேன்.

அந்த வாரம் முகாமின் வாட்ஸாப் குழுவில் ஹரிஹரன் ஒரு படம் போட்டார். என்னைப் போலவே அவரும் 430 சென்டிமீட்டர் மாஸ்ட்தான் வைத்திருந்தார். 'நான் இதை விடறேன், யாருக்கு வேணும்?' என்று கீழே எழுதியிருந்தார். திருவனந்தபுரம் வலியசாலைக்காரர், நாற்பது வயதுக்குள், கழக்கூட்டம் என்ற புறநகரில் ஐ.டி. வேலை. முகாமில் பார்த்தால் கையசைப்போம், அவ்வளவு பழக்கம்தான். போன் செய்து மூன்று நாள் விலை பேசினேன். "உங்க பாயையும் பழைய மாஸ்ட்டையும் எடுத்துண்டு வாங்கோ அக்கா. கட்டிப் பாக்காம நான் விக்க மாட்டேன்" என்றார். நல்ல மனிதர், ஆனால் என்னைச் சுமக்க வைக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

காலை ஆறரை மணி பாசஞ்சர். டிக்கெட் இருபது ரூபாய், தூரம் எழுபது கிலோமீட்டர், நேரம் இரண்டு மணிக்குக் கொஞ்சம் குறைவு. மாஸ்ட்டை இரண்டு துண்டாகக் கழற்றலாம். ஆனால் ஒவ்வொரு துண்டும் இரண்டேகால் மீட்டருக்குக் கிட்ட வரும். சீட்டுக்கு அடியில் நீளவாக்கில் தள்ளினேன். பாறசாலையில் ஏறிய ஒருவர் அதில் கால் தடுக்கி, என்னைப் பார்த்து, பிறகு மேலே இருந்த பாய்ச் சுருளைப் பார்த்து, தள்ளி உட்கார்ந்தார். சனிக்கிழமையானாலும் நெய்யாற்றின்கரை தாண்டியதும் கூட்டம் நெருக்கித் தள்ளும். முடிந்தவரை கடைசிப் பெட்டியில் ஏறுங்கள்.

தம்பானூரில், அதாவது திருவனந்தபுரம் ஸ்டேஷனில், இறங்கினால் ஆட்டோக்காரர்கள் யாரும் என்னை ஏற்றத் தயாராக இல்லை. கடைசியில் ஒருவர் இறங்கி வந்து கம்பத்தைத் தட்டிப் பார்த்தார்.

"சேச்சி, எலெக்ஷன் எல்லாம் கழிஞ்ஞல்லோ?"

"கொடிக்கம்பம் இல்லைங்க. பாய்மரம்."

"அப்போ கப்பல் எவிடே?"

"கப்பல் இல்லை. வலியசாலை போகணும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "வலியசாலையில கடல் இல்லையே சேச்சி."

அது எனக்கும் தெரியும் என்றேன். ஆட்டோ மீட்டர்படி முப்பது ரூபாய்தான் வரும். கம்பம் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்ததால் அறுபது கேட்டார். நியாயம்தான். சாலைக் கடைவீதி நெரிசலில் ஒரு வாழைக்குலை வண்டியையும் ஒரு போலீஸ்காரரையும் இடிக்காமல் என்னைக் கொண்டு சேர்த்தார். அவருக்கு இன்னும் பத்து ரூபாய் சேர்த்துக் கொடுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஹரிஹரனைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முகாமில் பார்த்த ஆள் கொழுகொழுவென்று இருப்பார். இப்போது கன்னம் ஒட்டிப்போய், சட்டை தொளதொளவென்று தொங்கியது. ஒன்பது கிலோ குறைத்திருக்கிறாராம். "என் பாய்ல இழுப்பே இல்லை அக்கா. எத்தனை காத்து அடிச்சாலும் பலகை எழும்பாது. உடம்பு கூடிப் போச்சுன்னு ராத்திரிச் சோத்தை விட்டேன், பின்னே மத்தியானச் சோத்தையும் விட்டேன். ஒண்ணும் நடக்கலை. போதும், விட்டுடலாம்னு தோணிப் போச்சு" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் கண் சிரிக்கவில்லை.

அக்ரஹாரத் தெரு நேராக, நீளமாக இருந்தது. ஒன்பது மணிக்குப் போக்குவரத்து இல்லை. தெருவிலேயே பாயை விரித்தோம். பக்கத்து வீட்டு விசாலம் மாமி வாசலுக்கு வந்து, "ஏண்டா ஹரி, இத்தனை பெரிய காத்தாடியை யாருடா பறத்தப் போறா?" என்றார். ஹரிஹரன் என்னைக் கைகாட்டினார். மாமி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "காப்பி குடிச்சேளோ?" என்று கேட்டு உள்ளே போனார்.

முதலில் என் பாய், என் மாஸ்ட். பாயின் ஓரத்தில் உள்ள உறைக்குள் கம்பத்தை நுழைத்து, கீழ்முனைக் கயிற்றை இறுக்கினால் கம்பம் வில்லாக வளையும். அந்த வளைவுதான் பாய்க்கு வடிவம் தரும். இழுத்துக் கட்டிய பிறகு பாயின் தலைப்பகுதி கொஞ்சம் தளர்ந்து தொங்க வேண்டும். பலத்த காற்று வரும்போது அந்த இடம் திறந்து அதிகக் காற்றை வெளியே விட்டுவிடும். என் பாயில் தலைப்பகுதி மத்தளத் தோலாக விறைத்து நின்றது. இரண்டு வருடமாக அப்படித்தான் நின்றது. இன்னும் இறுக்க எனக்குத் தெம்பில்லை என்று நான் நினைத்திருந்தேன். ஹரிஹரனும் காலை உதைத்து இழுத்துப் பார்த்தார். அப்போதும் அது இளகவில்லை.

அடுத்து என் பாயில் அவருடைய மாஸ்ட்டை நுழைத்தோம். பாதி இழுப்பிலேயே தலைப்பகுதி மெல்ல மடிந்து கொடுத்தது. பழைய பாயைத் திரும்பப் பார்த்தது போல எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. உடனே கைப்பையைத் திறந்து பணத்தை எடுத்து நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. பாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "கொஞ்சம் நில்லுங்கோ அக்கா. என்னாலே இனி ஆகாதுன்னு நான் இதை விக்கறேன். உங்க பாய்ல இத்தனை நன்னா நிக்கறதே, அப்போ மாஸ்ட் மோசமில்லையே. என் பாய்ல மட்டும் ஏன் இப்படி வரலை?"

அவர் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். ஒரே நீளமுள்ள மாஸ்ட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி வளைவதில்லை. சிலவற்றுக்கு நுனி விறைப்பு, சிலவற்றுக்கு நுனி இளக்கம். ஒவ்வொரு கம்பெனியும் தன் மாஸ்ட்டின் வளைவுக்கு ஏற்பத்தான் பாயைத் தைக்கிறது. என் பாய்க்கு இளகிய நுனி வேண்டும். அவர் பாய்க்கு விறைத்த நுனி. "அளந்து பாக்கலாம்" என்று முனகினேன். எப்படி அளப்பது என்று அவருக்கே தெரிந்திருந்தது. கம்பத்தின் இரு முனைகளையும் தாங்கி வைத்து, நடுவில் முப்பது கிலோ தொங்கவிட்டு, எங்கெங்கே எவ்வளவு தாழ்கிறது என்று பார்க்க வேண்டும். அவர் சொல்லச் சொல்ல எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டு கத்திமுனைகளில் மீட்டர் அளவுகோலை வைத்து, நடுவில் எடைகளைத் தொங்கவிட்டு இறக்கத்தை அளக்கும் பிளஸ் ஒன் செய்முறைப் பாடம்தானே இது! இருபது வருடமாக நடத்துகிறேன். சொந்தக் கம்பத்தில் ஒரு நாளும் செய்யவில்லை.

தெருமுனையில் இருந்த எலெக்ட்ரீசியன் வீட்டிலிருந்து இரண்டு மடக்கு ஏணிகள் வந்தன. முப்பது கிலோவுக்கு என்ன செய்வது என்று விழித்தபோது, மாமி வீட்டில் முந்தின நாள் வந்திறங்கிய கேஸ் சிலிண்டர் ஹரிஹரனின் கண்ணில் பட்டது. நிறைந்த சிலிண்டர், இரும்பும் வாயுவும் சேர்ந்து கிட்டத்தட்ட முப்பது கிலோ.

"பத்தரைக்குள்ளே திரும்ப வேணும் கேட்டியா" என்றார் மாமி. "சாதம் வைக்கணும். இந்த அக்காவுக்கும் சேத்தாக்கும்."

முனைக்கு முனை ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு அளந்தோம். என் மாஸ்ட் நடுவில் இருபது சென்டிமீட்டர் தாழ்ந்தது. அடிப்பக்கம் கால்வாசியில் பன்னிரண்டரை, நுனிப்பக்கம் கால்வாசியில் பதினான்கு. நுனி விறைப்பு. அவருடையதில் நுனிப்பக்கம் பதினாறு. நுனி இளக்கம். எனக்கு வேண்டியது அவரிடமும், அவருக்கு வேண்டியது என்னிடமும் இருந்தன. இருவருமே அவரவர் மாஸ்ட்டைப் பாயோடு சேர்த்துப் புதிதாக வாங்கியவர்கள். பிறகு எப்படி?

ஹரிஹரன் என் கம்பத்தின் மூட்டைத் தடவிப் பார்த்தார். இரண்டு துண்டும் சேரும் இடத்தில் நான் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தேன், ஆடிக்கொண்டே இருந்ததால். அவருடையது மாட்டினால் கழற்ற இரண்டு ஆள் வேண்டும். அவர் மெதுவாக இரண்டு மேல்துண்டுகளையும் உருவி இடம் மாற்றினார். டேப்பை உரித்துவிட்டுச் சொருகினோம். இரண்டும் பூட்டில் சாவி போல இறங்கின.

ராமேஸ்வரத்தில் கடைசி நாள் எல்லோரும் மாஸ்ட்டைக் கழற்றி நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, ஒரே சுவரில் சாய்த்து வைப்போம். எல்லாம் கறுப்பு. ஸ்டிக்கர்கள் வெயிலில் போய்விட்டிருக்கும். நான்காவது வருட முகாம் முடிந்து பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கைக்கு வந்த மேல்துண்டை எடுத்துக்கொண்டு ஓடியது நான்தான். மிச்சமிருந்ததை அவர் எடுத்திருக்கிறார். அதன்பிறகு நான் தோளைக் குறை சொன்னேன், அவர் சோற்றைக் குறை சொன்னார். தெருவில் உட்கார்ந்து இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மாமி சிலிண்டரைக் கேட்டு வந்துவிட்டார்.

மதியம் மாமி வீட்டில் எரிசேரி, புளிசேரி. ஹரிஹரன் மூன்று முறை சோறு வாங்கினார். மூன்றாவது முறை மாமி கரண்டியைப் பாத்திரத்தோடு அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மூன்று மணிக்கு அவருடைய காரில் பலகையைக் கட்டிக்கொண்டு வேளிப் பக்கம் காயலுக்குப் போனோம். பத்து கிலோமீட்டர், அரை மணி நேரம். அங்கே இறங்க முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்க வேண்டும், அவர் வாங்கியிருந்தார். கடல் காற்று நன்றாகவே ஏறியிருந்தது. கரையை விட்டு நூறடி போயிருப்பேன். பெரிய காற்று ஒன்று வந்தது. வழக்கம்போலத் தூக்கி எறியப் போகிறது என்று பல்லைக் கடித்தேன். தலைக்கு மேலே பாய் திறந்து விட்டுக்கொடுத்தது. பலகை என்னோடு முன்னால் பாய்ந்தது. தோளில் ஒரு இழுப்பும் இல்லை. நடுக்காயலில் யாரும் இல்லாத தைரியத்தில் ஓவென்று கத்தினேன். கொஞ்சம் அழவும் செய்தேன். அடுத்து அவர் முறை. எழும்பாத பலகை எழும்பி, அக்கரை வரை சீறிப் போய்த் திரும்பியது. "வெறுதே, ஒரு காரணமும் இல்லாம பட்டினி கிடந்தேனே அக்கா!" என்று தண்ணீருக்குள் நின்று கூவினார்.

இனி மாஸ்ட் வாங்கப் போகிறவர்களுக்கு. முதலில் பாயைப் பாருங்கள், பிறகுதான் மாஸ்ட். எவ்வளவு நீளம், எந்த வளைவு என்று பாயின் அடியிலேயே அச்சிட்டிருப்பார்கள். தடித்ததா மெல்லியதா என்றும் பாருங்கள். பாயின் உறை இரண்டில் ஒன்றைத்தான் ஏற்கும். கார்பன் அதிகம் என்றால் எடை குறையும், விலை ஏறும், சீக்கிரம் நொறுங்கவும் கூடும். பொருத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பழையது வாங்கினால் உங்கள் பாயைக் கொண்டுபோய்க் கட்டிப் பாருங்கள். அளக்க ஆசை வந்தால் முப்பது கிலோ அரிசி மூட்டை போதும், யார் வீட்டுச் சிலிண்டரையும் தூக்காதீர்கள். இரண்டு துண்டிலும் ஒரே நிறப் பெயிண்டில் ஒரு வளையம் போட்டு வையுங்கள். நான் போட்டுவிட்டேன், பச்சை.

ஒரு விஷயம் சொல்லாமல் முடித்தால் இது பொய்க் கட்டுரையாகிவிடும். மாலை 6.50 வண்டிக்கு ஹரிஹரன் பிளாட்பாரம் வரை வந்து கம்பத்தை ஏற்றிக் கொடுத்தார். அப்போது அவரிடம் சொன்னேன்: "காலைல என் பாய் சரியா நின்னதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு தம்பி. உங்க உடம்புல கோளாறு இல்ல, மாஸ்ட்டும் பாயும்தான் சேரலன்னு. சொன்னா நீங்க விக்க மாட்டீங்கன்னு வாயத் தொறக்கல. நீங்களாக் கேக்கலன்னா வாங்கிட்டுப் போயிருப்பேன்."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எனக்கு அறியும் அக்கா. மூணு நாளா போன்ல பேரம் பேசினவா, பாயைக் கட்டின உடனே நான் கேட்ட விலையையே நீட்டினேளே. அதனாலாக்கும் நான் வாங்கலை."

வண்டி நகர்ந்துவிட்டது. நான் எழுந்து நின்று அவரைப் பார்த்துக் கும்பிட்டேன். அவர் சும்மா கையசைத்துவிட்டு, "ஜூன்ல பாக்கலாம்!" என்று கத்தினார்.